அஜந்தாவின் பெயரையும் எழுதி, கிளோடியா மிஸ்ஸிக்கு

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சைக்கிள் உழக்கி, கருவுற்ற தாய்மாரைக் கதவு கதவாகத் தேடிக் கண்டு, பெற்றெடுத்த தாய்மாரைப் பத்தாம் நாளிலும் மறவாது போய்ப் பார்த்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த குடும்பநல உத்தியோகத்தர் செல்வி கிளோடியா அவர்களே! பெரியவர்க்கும் சிறியவர்க்கும் பெயர் சொல்லத் தேவையில்லாத ‘மிஸ்ஸி’ ஆனவரே! தமக்கென ஒரு தொட்டில் கட்டாமல், ஊரார் தொட்டிலின் கயிற்றையெல்லாம் இழுத்துச் சரிபார்த்தவரே!

உங்கள் முன் எழுந்து நிற்கிறோம். நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அதன் காரணத்தை இந்தச் சபையில் வாசிப்பதென்று பணிமனை ஊழியர் அனைவரும் கூடி முடிவெடுத்தோம். வழக்கமான மடலைவிட இது நீளமாக இருக்கும். பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில், எல்லாரும் அறிந்தது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நீங்கள் தாயின் காலைப் பார்ப்பீர்கள். சுகமா என்று கேட்பது அதற்குப் பிறகுதான். வீங்கியிருந்தால் விரலால் அமத்திப் பார்த்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வாய்க்குள் எண்ணுவீர்கள். “இந்த மிஸ்ஸிக்கு எங்கட முகம் ஞாபகமிரிக்காது, கால்தான் ஞாபகமிரிக்கும்” என்று தாய்மார் உங்களைப் பகிடி பண்ணியதை எங்கள் ஸாலிஹா இன்றும் சொல்லிச் சிரிப்பார். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்கும் பெண்களிடம் நீங்கள் சண்டைக்குப் போனதும், பெற்ற உடம்பைப் பட்டினி போடும் மாமியார்மாரிடம் பானையைத் திறந்து காட்டச் சொன்னதும், கணவன்மாரைக் கிளினிக் வாசலில் நிற்கவிடாமல் உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தியதும் இவ்வூர் அறிந்தவை.

இவற்றை அழகாக எழுதி முடிக்கும் பொறுப்பைத்தான் ஒரு மாதத்துக்கு முன் வதனியிடம் கொடுத்தோம். நாவற்குடாப் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர் அவர். எங்களில் நல்ல தமிழ் எழுதுபவரும் அவர்தான். அவர் எழுதியது இதுவல்ல. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியதே இது. ‘அவர்’ என்று போட வேண்டாம் என வதனியே கேட்டுக்கொண்டதால், இனி அவள் என்றே எழுதுகிறோம்.

எங்கள் வேலையில் நிலம் பிரிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஒழுங்கையிலிருந்து அந்த மதகு வரை ஒருத்திக்கு, மதகுக்கு அப்பால் இன்னொருத்திக்கு. ஒரு தாய் ஒரு பதிவுப் புத்தகத்தில்தான் இருக்கலாம். இரண்டில் விழுந்தால் மாத அறிக்கை பிழைக்கும், மேலிடத்திலிருந்து கேள்வி வரும். 2004 மார்ச்சில், உங்கள் பிரிவுத் தாய் ஒருத்தியைத் தன் புத்தகத்தில் எழுதிவிட்டதற்காக வதனி எல்லார் முன்னிலையிலும் மேற்பார்வையாளரிடம் பேச்சு வாங்கினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். இனிமேல் ஒருத்தியின் தாயை மற்றவள் தொடுவதில்லை என்று தனக்குள் ஒரு சட்டம் எழுதிக்கொண்டாள். பிழை விட்டவளின் பிடிவாதம் அது. அதை அவள் ஒழுங்கு என்று நினைத்தாள்.

அதே ஆண்டு மார்கழியில், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழும்பி வந்தது. பூசைக்குப் போயிருந்த நீங்கள் தப்பினீர்கள். டச்பாரில் உங்கள் வீடும், வீட்டில் படுத்திருந்த உங்கள் தம்பி பிரடெரிக்கும், மேசை லாச்சிக்குள் இருந்த கர்ப்பவதிகள் புத்தகமும் போயின.

கரையோரத்துச் சனம் நாவற்குடாவில் ஒரு பாடசாலையில் வந்து நிறைந்தது. அங்கே விறாந்தையில் ஒரு மேசையில் வதனி இருந்தாள். அவளுக்கும் அப்போது ஏழு மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இந்த மூன்றாவது கர்ப்பத்தைப் பதிந்து பார்த்து வந்தவர் நீங்கள். நிவாரணக் குழு விட்டுப்போன பிறஷர் கருவி ஒன்று அவளுடைய மேசையிலேயே இருந்தது. நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வேன் வாசல் படலையடியில் நின்றது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன என்பதை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டோம்.

இருபத்தெட்டாம் திகதி அஜந்தா வந்தாள். இருபத்து மூன்று வயது, எட்டு மாதம், முதற்பிள்ளை. யாரோ கொடுத்த ஆண் சட்டையும் ஈரம் காயாத பாவாடையும் உடுத்திருந்தாள். அவளுடைய கணவனைக் கடல் கொண்டுபோயிருந்தது. தகப்பன் சீனித்தம்பி மருமகனைத் தேடிக் கரையில் அலைந்துகொண்டிருந்தார். ஆதலால் தனியாகத்தான் வந்தாள்.

“மிஸ்ஸி, தலை இடிக்குது. கண்ணுக்க மின்னுற மாதிரி இரிக்கு” என்றாள்.

வதனி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு, எவடம் என்று கேட்டாள். அஜந்தா இடத்தைச் சொன்னதும் பேனையை மூடினாள்.

“அது கிளோடியா மிஸ்ஸிட ஏரியா. அவ வந்தாப் பாப்பா. நான் எழுத ஏலா, ரெண்டு புத்தகத்தில விழும்.”

காலைப் பார்க்கவில்லை. மேசை மறைத்தது என்று வதனி எங்களிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்திருக்கலாம் என்றும் அவளே சொன்னாள்.

அடுத்த நாளும் அஜந்தா வந்தாள். கிளோடியா மிஸ்ஸி எப்போது வருவா என்று கேட்டாள். வந்தால் ஆளனுப்புவதாகச் சொல்லி வதனி அவளைத் திருப்பி அனுப்பினாள். அவள் போன பிறகு, பக்கத்து மேசையில் இருந்த ஸாலிஹாவிடம் திரும்பி, “கிளோடியா மிஸ்ஸிக்கு நத்தார் லீவு இன்னும் முடியல்ல போல” என்றாள். ஸாலிஹா சிரித்தார். அவர் சிரித்ததையும் எழுதும்படி சொன்னவர் ஸாலிஹாதான்.

அந்த நேரத்தில் நீங்கள் கரை நெடுக நடந்துகொண்டிருந்தீர்கள். முகம் பார்த்து அறிய முடியாத நாட்கள் அவை. போர்த்தி வைத்திருந்த உடல்களின் கால் பக்கத்துத் துணியை ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்த்துக்கொண்டு போனீர்கள். முப்பதாம் திகதி பின்னேரம் பிரடெரிக்கை அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்.

முப்பத்தோராம் திகதி அஜந்தா மேசைக்கு வரவில்லை. இரண்டு தரம் சொன்னதை அவள் மதித்து நடந்தாள். விறாந்தையின் அந்தத்தில் குந்தியிருந்து, நீங்கள் வருவீர்கள் என்று படலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிபோல் பிறஷர் ஏறி அவளுக்கு வலிப்பு வந்தது. வேனில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள், பெண்பிள்ளை. தாய் பின்னேரம் போய்விட்டாள்.

மறுநாள் காலை, யாருடையதோ சேலையைக் கட்டிக்கொண்டு நீங்கள் முகாமுக்கு வந்தீர்கள். புத்தகம் இல்லை. உங்கள் பிரிவின் நாற்பத்து மூன்று கர்ப்பவதிகளின் பெயரையும் மனத்திலிருந்து சொல்லி, ஒவ்வொருத்தியாக எங்கே என்று கேட்டீர்கள். முதலில் கேட்ட பெயர் அஜந்தா. “அவட காலில வீக்கம் இரிந்த. நத்தார் முடிய கிளினிக்குக்கு வரச் சொன்னன். எங்க அவ?” என்றீர்கள். வதனி குனிந்து தன் புத்தகத்தைப் பார்த்தாள். யாரும் வாய் திறக்காததால் ஸாலிஹா உங்களைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஸாலிஹா எதையெல்லாம் சொன்னார் என்பது வதனிக்குத் தெரியாது. தாய் இறந்த செய்தியை மட்டும் சொல்லியிருப்பார் என்றே அவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

தை மாதக் கடைசியில் தாய் மரண மீளாய்வு நடந்தது. நீண்ட மேசை, மேலிடத்து வைத்தியர்கள், நடுவில் ஒரு கோப்பு. யாருடைய பிரிவு என்று கேட்டார்கள். நீங்கள் எழும்பினீர்கள். “என்ர தாய். என்ர ஏரியா. நான் போகல்ல” என்றீர்கள். தம்பியைத் தேடியதைச் சொல்லவில்லை. முகாமில் யாராவது பார்த்தார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. வதனியின் புத்தகத்தைப் புரட்டினார்கள். அஜந்தாவின் பெயர் அதில் இல்லை. எழுதாமல் விட்டதே வதனியைக் காத்தது. அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். அந்த அறையில் அவள் வாயைத் திறப்பதற்கு எவ்வளவோ நேரம் இருந்தது. மின்விசிறி சுற்றியதும், யாரோ கோப்பை மூடியதும், நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது.

கடமையில் கவனக்குறைவு என்று உங்கள் சுயவிவரக் கோப்பில் ஒரு வரி ஏறியது. வாழைச்சேனைக்கு அப்பால் ஒரு பிரிவுக்கு உங்களை மாற்றினார்கள். போகும் முன் நான்கு தரம் சீனித்தம்பியரின் வீட்டுக்குப் போனீர்கள். தாய் இறந்த வீட்டில் பிள்ளையைப் பார்க்க வேண்டுமல்லவா? பிரிவு மிஸ்ஸி வராததால்தான் மகள் செத்தாள் என்று பணிமனைக் கடிதம் அவருக்குச் சொல்லியிருந்தது. நான்கு தரமும் அவர் படலையைத் திறக்கவில்லை.

மார்ச்சில் வதனிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பத்தாம் நாள் நீங்கள் வாழைச்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தீர்கள். அவள் அப்போது உங்கள் பிரிவுத் தாய் அல்ல. காய்ச்சல் பார்த்தீர்கள், தையலைப் பார்த்தீர்கள், பிள்ளை பால் குடிக்கும் விதத்தைத் திருத்தினீர்கள். அவளுக்கு நித்திரை வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்றும் கேட்டீர்கள். எல்லாம் முடிந்த பிறகும் எழும்பாமல் இருந்தீர்கள். வெகுநேரம் இருந்தீர்கள். பிள்ளை நித்திரையாகி, வெளியே வெயில் தாழ்ந்து, கோழிகள் கூட்டுக்குப் போகும்வரை இருந்தீர்கள். கடைசியில், “வேற ஏதும் சொல்லவேணுமா மகள்?” என்று கேட்டீர்கள்.

“இல்ல மிஸ்” என்றாள் வதனி.

அதன் பிறகு போர் கிழக்கில் மூண்டது. 2007 தொடக்கத்தில் வாகரைப் பக்கத்துச் சனம் காட்டாலும் கடலாலும் நடந்தும் நீந்தியும் உங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. உதவிக்கென்று எங்கள் பணிமனை ஸாலிஹாவை அங்கே அனுப்பியது. திரும்பி வந்து அவர் சொன்னதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. உங்கள் மேசையில் ஒரே புத்தகம்தான் இருந்ததாம். வந்த பெண்ணின் காலை முதலில் பார்த்து, பிறகு பிறஷர் பார்த்து, பிறகு குடிக்கக் கொடுத்து, கடைசியாகத்தான் ஊரைக் கேட்பீர்களாம். சில வரிகளில் ஊர் என்ற இடம் வெறுமையாகவே கிடந்ததாம். அந்த முகாமில் அறுபத்தொரு பிள்ளைகள் பிறந்தன. ஒரு தாயும் இறக்கவில்லை. ஸாலிஹா இதைச் சொன்னபோது வதனி தேநீர்க் கோப்பையைக் கழுவப் போவதாக எழும்பிப் போனாள்.

எங்கள் வெட்கத்துக்கு இப்போது வருகிறோம். ஸாலிஹாவுக்கு எல்லாம் தெரியும். மற்றவர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். முகாமில் வேலை செய்தவர்கள் நாங்கள், கண் இல்லாதவர்கள் அல்லர். கேட்டால் வேலைத்தோழி ஒருத்தி அகப்படுவாள் என்று கேட்காமல் இருந்தோம். கடந்த ஆண்டு, போர் முடிந்த பின், நீங்கள் இதே பணிமனைக்குத் திரும்பி வந்தபோது உங்களுக்கு வடையும் தேநீரும் வாங்கி வைத்து வரவேற்றோம். உங்கள் கோப்பில் ஏறிய அந்த வரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மூன்று கிழமைக்கு முன், எழுதிய மடலை எடுத்துக்கொண்டு வதனி தன்னாமுனையில் உங்கள் வாடகை வீட்டுக்கு வந்தாள். தாய்மைக்கு அரண், தன்னலமற்ற தாரகை என்றெல்லாம் அதில் இருந்தது. நீங்கள் கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தீர்கள்.

“நல்ல தமிழ். இது ஆரைப் பத்தி?” என்றீர்கள்.

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் அந்தப் பத்தாம் நாளில் அவள் வீட்டில் இருந்த மாதிரியே நீங்கள் இருந்தீர்கள், அவசரம் எதுவும் இல்லாமல்.

“மிஸ், அஜந்தா என்னட்டத்தான் வந்தவ. ரெண்டு தரம்.”

“தெரியும். அண்டைக்கே ஸாலிஹா கிணத்தடியில சொன்னவ. நத்தார் லீவுக் கதையும் சொன்னவ.”

வதனிக்கு முகத்தை வைக்க இடம் இல்லாமல் போயிற்று. அப்படியென்றால் மீளாய்வில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“உனக்கு அப்ப எட்டு மாசம். முன்னம் ரெண்டு தங்கல்ல. உனக்கும் பிறஷர் ஏறிக்கொண்டு வந்த, அது எனக்குத்தான் தெரியும். அந்த மேசையில உன்ன எழுப்பிக் கேள்வி கேக்க விட்டிருந்தா என்ன நடந்திருக்கும்? ஒரு தாய் போயிட்டா. இன்னொருத்தியையும் குடுக்க எனக்கு ஏலாமப் போச்சி.”

“மறுகா மிஸ்? புள்ள பிறந்த பிறகு?”

“மறுகா நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.” கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “உன்னில கோவமில்ல எண்டு நினையாத. சீனித்தம்பியர்ர படலையில நிக்கக்குள்ள ஒவ்வொரு தரமும் உன்ர பேர் வாய் வரைக்கும் வந்த” என்றீர்கள்.

அவள் எழும்பி வாசல்வரை போனபோது, நீங்கள் கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னீர்கள். “எழுதுறதெண்டா அந்தப் புள்ளட பேர விடாத. அறிக்கையில அவக்கு ஒரு நம்பர்தான் போட்டிருந்த.”

ஆகவே எழுதியிருக்கிறோம். அஜந்தா, சீனித்தம்பியின் மகள், கரையோரப் பிரிவு. இரண்டு நாள் எங்கள் மேசைக்கு வந்தாள். நாங்கள் பார்க்கவில்லை.

வதனி நடந்தவற்றைத் தன் கைப்பட எழுதி, கையொப்பமிட்டு, சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொடுத்துவிட்டாள். ஸாலிஹா சாட்சியாகக் கையொப்பம் வைத்திருக்கிறார். உங்கள் கோப்பிலுள்ள அந்த வரியை நீக்கக் கோரும் விண்ணப்பத்தில் எங்கள் பதினேழு பேரின் பெயரும் இருக்கிறது. பிறகு வதனி தனியாகச் சீனித்தம்பியரிடம் போனாள். அவர் தோணியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை இறைப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், “அந்த மிஸ்ஸிய நாலு தரம் வெயில்ல நிக்க வெச்சிட்டன்” என்றார். பிறகு, “உன்ன ஏசவும் எனக்கு இப்ப பலமில்ல. போ புள்ள” என்றார். அவள் கொஞ்சத் தூரம் போன பிறகு கூப்பிட்டு, அந்த மிஸ்ஸியை வீட்டுக்கு வரச்சொல்லி அவளிடமே சொல்லி அனுப்பினார். பேத்திக்கு ஐந்து வயது. இந்த வருடம் பள்ளிக்கூடம் போகிறாளாம். அந்தச் செய்தியை இச்சபையில் உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவரே! வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வதனியின் விசாரணை. அவளுக்குப் பதவி போகலாம், மாற்றம் வரலாம். ஒன்றும் நடக்காமலும் போகலாம். அதுதான் தனக்கு அதிகப் பயம் என்கிறாள். அந்த விசாரணைக்கு நீங்களும் வரப்போவதாக நேற்று வைத்திய அதிகாரியிடம் சொன்னீர்கள் என்று அறிந்தோம். எங்கள் அனைவரதும், எல்லாரிலும் முதலாக வதனியினதும் வேண்டுகோள் இது: தயவுசெய்து வராதீர்கள். வந்தால் மேசைக்கு முன்னால் எழும்பி நின்று, இவளும் என்ர தாய் என்று சொல்லிவிடுவீர்கள். இவளை மறுபடியும் காப்பாற்றிவிடுவீர்கள். திங்கட்கிழமை நீங்கள் எங்கள் ஊழியர் அல்லர். வீட்டில் இருங்கள். காலை நீட்டி இருங்கள். அன்றைக்கு அவள் தனியாக எழும்பி நின்று பதில் சொல்லட்டும்.

உங்கள் உடம்பு நோயின்றி இருக்க வேண்டும், நித்திரை நன்றாக வர வேண்டும், இன்னும் நெடுங்காலம் இம்மண்ணில் நீங்கள் நடமாட வேண்டும் என்று ஆண்டவனை மன்றாடுகிறோம். மன்னிப்பை இம்மடலில் கேட்கவில்லை. கேட்டால் இந்தச் சபையில் எல்லார் முன்னும் நீங்கள் கொடுக்க வேண்டி வரும்.

இங்ஙனம்,
உங்களோடு வேலை செய்தும் உங்களுக்காகப் பேசாதிருந்த
பணிமனை ஊழியர் பதினேழு பேர்

2010 ஆவணி
மட்டக்களப்பு